குடும்பத்தோடு போக ஒரு பழைய க்ரூ கேப் டிரக்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். டெக்ஸாஸில் சான் அன்டோனியோ பக்கம் வசிக்கும் ஒரு குடும்பம். கணவன், மனைவி, 9 வயதுப் பையன், 4 வயதுப் பெண். வருடத்தில் சில மாதங்கள் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவார்கள். தினசரி ஓட்டத்துக்கு மினிவேன் இருக்கிறது. சனி ஞாயிறு வெளியே போகவும், எப்போதாவது ஒரு சின்ன கேம்பரை, அதாவது உள்ளே படுத்துத் தங்கும் இழுவை வண்டியை, இழுத்துக்கொண்டு போகவும் 1970களுக்கும் 1990களுக்கும் நடுவில் வந்த நான்கு கதவு பிக்கப் ஒன்று, அதாவது க்ரூ கேப், வாங்க ஆசை. “செவி என்கிற செவ்ரோலேயா, ஃபோர்டா, டாட்ஜா? பெட்ரோலா, டீசலா? எது எங்களுக்குச் சரிவரும்?”

தம்பி, விற்பவர்கள் எல்லோரும் முதலில் பானெட்டைத்தான் திறந்து காட்டுவார்கள். நீங்கள் பின்கதவைத் திறங்கள். எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். அதற்கெல்லாம் டெக்ஸாஸில் எந்தச் சின்ன ஊரிலும் ஆள் கிடைப்பார், சாமானும் கிடைக்கும். குழந்தைகளும் பெரியவர்களும் உட்காரப்போகிற பின்பாதி கேபின் அப்படி இல்லை. அதன் பெல்ட், தரை, தூண், கதவு இவைதான் எந்த டிரக் என்பதை முடிவு செய்ய வேண்டும். செவியா ஃபோர்டா என்ற கேள்வி அதற்குள்ளேயே பாதி தீர்ந்துவிடும்.

பெல்ட்டிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் கார்களின் பின்சீட் ஓரங்களில் தோள்வாரோடு சேர்ந்த மூன்று முனை பெல்ட் கட்டாயமானது 1989 டிசம்பரில். பிக்கப், வேன் போன்ற வண்டிகளுக்கு அந்த விதி வந்தது 1991 செப்டம்பர் 1 முதல். முன்சீட்டில் தலை சாய்மானம் இருக்க வேண்டும் என்ற விதியும் இந்த வண்டிகளுக்கு அதே தேதியில்தான் வந்தது. அதற்கு முன் செய்த க்ரூ கேப்களின் பின்சீட்டில் பெரும்பாலும் இருப்பது இடுப்பு பெல்ட் மட்டும். சீட்டின் முதுகும் தாழ்வு. பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால் தலைக்குப் பின்னால் நேராகக் கண்ணாடிதான்.

இதில் உங்கள் வீட்டில் சிக்கல் சின்னவளுக்கு இல்லை, பெரியவனுக்கு. 4 வயதுக் குழந்தை உட்காரும் சீட்டில் அதற்கென்றே ஐந்து முனை வார் இருக்கிறது. அந்தச் சீட்டை இடுப்பு பெல்ட்டை வைத்தே இறுக்கமாகக் கட்டிவிடலாம். 9 வயதுப் பையனுக்கு வேண்டியது பூஸ்டர். பூஸ்டர் என்பது பெல்ட் சரியான இடத்தில் விழும்படி பிள்ளையை உயர்த்தி வைப்பது, அவ்வளவுதான். தோள்வார் இல்லாத இடத்தில் பூஸ்டர் போடவே கூடாது. திடீரென்று நிற்கும்போது மேலுடம்பைப் பிடிக்க எதுவும் இருக்காது, முழு வேகமும் வயிற்றில் இறங்கும். டெக்ஸாஸ் சட்டம் 8 வயதுக்குக் கீழே, 4 அடி 9 அங்குலத்தை எட்டாத பிள்ளைகளுக்குக் குழந்தை சீட் கட்டாயம் என்கிறது. உங்கள் பையன் வயதில் அதைத் தாண்டிவிட்டான். ஆனால் பெல்ட்டுக்கு வயது தெரியாது. அந்த உயரம் வரும்வரை அவனுக்கு பூஸ்டர் வேண்டும், பூஸ்டருக்குத் தோள்வார் வேண்டும்.

ஆகவே உங்களுக்கு வழி இரண்டு. ஒன்று, 1991 செப்டம்பருக்குப் பின் செய்த வண்டி. இன்னொன்று, அதற்கு முந்தைய வண்டியை வாங்கி மூன்று முனை பெல்ட்டை முறையாகப் பொருத்துவது. முதல் வழி என்றால் டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், அதைப் பாருங்கள். ‘மாடல் 1992’ என்று விற்பவர் சொல்வது போதாது, மாடல் வருடம் முந்தைய கோடையிலேயே தொடங்கிவிடும். அதே ஸ்டிக்கரில் வண்டியின் மொத்த எடை அனுமதியும் இருக்கும். இந்த பெல்ட் விதி 10,000 பவுண்டு வரையிலான வண்டிகளுக்குத்தான். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள டூயலி வகைகள் சில அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, பின்சீட்டில் கையை விட்டு பெல்ட்டை இழுத்தும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழியில் போனால் தயவுசெய்து மலிவாக முடிக்கப் பார்க்காதீர்கள். பெல்ட்டின் மேல்முனை கேபினின் பின்தூணில் வர வேண்டும். அங்கே இருப்பது வெறும் தகடு. ஓட்டை போட்டு போல்ட் முடுக்கினால், மோதும்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள இடத்தில் பிடிமானம் 5,000 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும். மூன்று முனை பெல்ட்டில் இடுப்புப் பகுதியும் தோள் பகுதியும் ஒவ்வொன்றும் 3,000 பவுண்டு தாங்க வேண்டும். அதற்குத் தூணின் உள்ளே கனமான பட்டை வைத்து வெல்டிங் செய்து பலப்படுத்த வேண்டும். பழைய வண்டிகளுக்கு பெல்ட் பொருத்தி அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள், வேலை நடக்கும்போது போய்ப் பாருங்கள்.

மகளின் சீட்டுக்கு மேல்புறம் ஒரு வார் இருக்கும், டெதர் என்பார்கள். மோதலில் குழந்தையின் தலை முன்னால் போகும் தூரத்தை அதுதான் குறைக்கிறது. நீங்கள் தேடும் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் அதை மாட்டும் கொக்கி இருக்காது. பிக்கப்களில் அது கட்டாயமானது 2000 செப்டம்பரில், கீழ்க் கொக்கிகளோடு கூடிய லாட்ச் முறை முழுதாக வந்தது 2002இல். இதற்கும் பலப்படுத்திய பிடிமானம் தேவை. பெல்ட் வேலை நடக்கும்போது சேர்த்தே செய்துவிடலாம். முடிந்ததும் குழந்தை சீட் பொருத்துவதில் சான்றிதழ் பெற்ற டெக்னீஷியன் ஒருவரிடம் காட்டுங்கள். தீயணைப்பு நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் பல இடங்களில் இலவசமாகவே பார்த்துத் தருகிறார்கள். வண்டி பார்க்கப் போகும்போதே அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். அங்கேயே கட்டி, பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. பழைய பெல்ட்களில் சில, சீட்டை இறுக்கிய நிலையில் பூட்டிக்கொள்ளாது. அதற்கென்று ஒரு பூட்டுக் கிளிப் உண்டு, சீட்டின் கையேட்டில் போடும் முறை இருக்கும்.

ஆறு பேரும் ஏறும் நாளையும் இப்போதே யோசித்துவிடுங்கள். க்ரூ கேப்பின் பெரிய வசதியே அதுதான், முன்னால் மூன்று, பின்னால் மூன்று. பின்சீட் நடுவில் மகளின் சீட்டை இடுப்பு பெல்ட்டால் கட்டுங்கள். பையன் ஒரு ஓரம், பாட்டி இன்னொரு ஓரம், இருவருக்கும் மூன்று முனை பெல்ட். முன்னால் தாத்தா ஜன்னல் ஓரம். நடுவில் உங்களில் ஒருவர், அங்கே இடுப்பு பெல்ட்தான் இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு முன்சீட் நீளமான ஒரே பெஞ்சாக இருக்க வேண்டும். நடுவில் பெரிய பெட்டி வைத்துத் தனித்தனி சீட் போட்ட வண்டி அழகாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

இனி வண்டிகள்.

என்னிடம் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், 1992 முதல் 1997 வரை வந்த ஃபோர்டு எஃப்-350 க்ரூ கேப் என்பேன். பார்க்கப் பழைய டிரக்கின் சதுர முகம் இருக்கிறது. ஸ்டிக்கர் ஒத்துவந்தால் பெல்ட் விதிக்குள் வருகிறது. பெட்ரோல் எஞ்சின் எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும். இ4ஓடி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஓவர்டிரைவ் இருக்கிறது, அதாவது நெடுஞ்சாலையில் எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியர். 1996, 97இல் சின்ன பெட் (பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி) கொண்ட எஃப்-250 க்ரூ கேப்பும் வந்தது. அதைத் தேடுபவர்கள் நிறைய, விலையும் அப்படித்தான் இருக்கும். இதற்குச் சமமான செவி, ஜிஎம்சி வண்டிகள் 1992 முதல் 2000 வரை வந்த சி/கே 3500 க்ரூ கேப். ஓட்டச் சுகம் செவியில் கொஞ்சம் அதிகம், உறுதி ஃபோர்டில் அதிகம் என்பது என் கருத்து. செவி ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் உங்கள் மனதில் இருப்பது ஸ்கொயர்பாடி என்று நினைக்கிறேன். 1973இல் செவி, ஜிஎம்சி இரண்டுக்கும் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த அந்தச் சதுர வடிவ உடல். க்ரூ கேப்பை அவர்கள் ‘3+3’ என்று விற்றார்கள். பின்சீட் இல்லாமல் அந்த இடத்தைப் பூட்டக்கூடிய சாமான் அறையாக வைத்த ‘போனஸ் கேப்’ என்ற வகையும் இருந்தது. இன்று சீட் போட்டு விற்கப்படும் சில வண்டிகள் பிறப்பில் போனஸ் கேப்தான். அவற்றில் பின்சீட்டின் பெல்ட் எதில் மாட்டியிருக்கிறது என்று தரையின் அடிப்பக்கம் படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஸ்கொயர்பாடியில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. 1988இல் சாதாரண செவி பிக்கப் எல்லாம் புது உடலுக்கு மாறிவிட்டன. க்ரூ கேப் மட்டும் 1991 வரை பழைய உடலிலேயே வந்தது. 1987 முதல் அவற்றுக்குப் பெயர் ஆர், வி வரிசை, அதே வருடம் கார்புரேட்டர் போய் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் வந்தது. அதனால் 1989, 90, 91 வண்டி கிடைத்தால் 1970களின் தோற்றமும் நம்பிக்கையாகக் கிளம்பும் எஞ்சினும் ஒன்றாகக் கிடைக்கும். பெல்ட் வேலையை மட்டும் நீங்கள் செய்துகொள்ள வேண்டும். ஸ்கொயர்பாடிதான் வேண்டும் என்றால் இந்தக் கடைசி வருடங்களைவிடப் பழைய வண்டிக்குப் போகாதீர்கள் என்பேன்.

ஸ்கொயர்பாடி வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று அதன் எரிபொருள் டேங்க். இந்த வண்டிகளில் டேங்க் சேஸிஸ் சட்டத்துக்கு வெளியே, வண்டியின் பக்கவாட்டில் தொங்கும். பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி மோதினால் டேங்க் கிழிந்து தீப்பிடிக்கிறது என்று பெரிய சர்ச்சை எழுந்தது. அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்தது. 1994 டிசம்பரில் வண்டிகளைத் திரும்பப் பெறாமலே, பாதுகாப்புத் திட்டங்களுக்குச் சுமார் 5 கோடி டாலர் கொடுப்பதாக நிறுவனம் உடன்பட்டு விசாரணை முடிந்தது. பலர் அந்தப் பக்க டேங்க்களைக் கழற்றிவிட்டு, பின் ஆக்சிலுக்குப் பின்னால் சட்டங்களுக்கு நடுவில் செவியின் பிளேசர் எஸ்யூவி வண்டியின் டேங்க்கைப் பொருத்துகிறார்கள். பிள்ளைகளை ஏற்றப்போகும் வண்டி என்றால் நான் அந்த வேலையை பெயின்ட் வேலைக்கு முன்னால் செய்வேன். அதைவிடப் பழைய பிக்கப்கள் பலவற்றில், 1972 வரை வந்த செவியில்கூட, டேங்க் கேபினுக்குள்ளேயே சீட்டின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எந்தப் பழைய வண்டியானாலும் டேங்க் எங்கே என்று கேளுங்கள்.

டாட்ஜ் பற்றி ஒரு எச்சரிக்கை. அவர்கள் 1985 மாடலோடு க்ரூ கேப்பை நிறுத்திவிட்டார்கள். புகழ்பெற்ற கமின்ஸ் டீசல் டாட்ஜ் பிக்கப்பில் வந்தது 1989 மாடலில். ஆகவே ‘பழைய டாட்ஜ் க்ரூ கேப், கமின்ஸ் எஞ்சின், கம்பெனி ஒரிஜினல்’ என்று யாராவது சொன்னால் அது ஒரிஜினல் இல்லை, யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது தவறில்லை. யார் செய்தார், எப்படிச் செய்தார் என்பதைப் பொறுத்து அது அருமையான வண்டியாகவும் இருக்கலாம், தலைவலியாகவும் இருக்கலாம். டாட்ஜில் கேபின் சாமான் கிடைப்பது மற்ற இரண்டையும்விடக் கடினம்.

இன்டர்நேஷனல் டிராவலெட் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1957இல் வந்த அதுதான் அமெரிக்காவில் தொழிற்சாலையிலிருந்தே வந்த முதல் க்ரூ கேப். முதலில் மூன்று கதவு, பிறகு நான்கு. 1975இல் அந்த நிறுவனம் பிக்கப் செய்வதையே விட்டுவிட்டது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போக அருமையான வண்டி, பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் போக நான் சொல்ல மாட்டேன். 1967க்கு முன் வந்த அமெரிக்க வண்டிகள் பெரும்பாலானவற்றில் பிரேக்குக்கு ஒரே சுற்று. ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். முன்சக்கர டிஸ்க் பிரேக் பிக்கப்களில் பரவலானது 1970களின் தொடக்கத்தில். 1987 முதல் ஃபோர்டு பிக்கப்களில் பின்சக்கரங்களுக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) இருக்கும். பெட் காலியாக இருக்கும்போது மழையில் பின்பக்கம் வழுக்காமல் இருக்க அது உதவும்.

பெட்ரோலா டீசலா? சின்ன கேம்பர்தான் என்றால் பெட்ரோல் போதும். ஃபோர்டில் 460, செவியில் 454 என்ற பெரிய வி8 எஞ்சின்கள் இழுப்பதற்குச் சளைக்காது. கேலனுக்கு 10 மைல் சுற்றுவட்டம்தான் தரும், நம் கணக்கில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் சொச்சம். வார இறுதி வண்டிக்கு அது தாங்கும். டீசலில் ஃபோர்டின் 7.3 லிட்டர் நல்லது. 1994 நடுவில் வந்த பவர் ஸ்ட்ரோக், அதற்கு முந்தைய ஐடிஐ இரண்டுமே நீண்ட நாள் உழைப்பவை. இரண்டுக்கும் கூலன்ட்டில் அதற்கான சேர்மானம் சரியான அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டர் சுவரில் குழி விழும். விற்பவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். புரியாமல் விழித்தால் வண்டியைப் பராமரித்தவர் அவர் இல்லை. பவர் ஸ்ட்ரோக்கில் கேம் சென்சார் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் போய் எஞ்சின் நின்றுவிடும். உதிரி ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்பது அதை ஓட்டுபவர்களின் வழக்கம். செவியின் 1982இல் வந்த 6.2 டீசல் எரிபொருள் சிக்கனத்துக்கு நல்லது, நிறைந்த கேபினோடு கேம்பரையும் இழுக்க அதற்குத் தெம்பு போதாது.

எஞ்சினைவிடப் பயணத்தைத் தீர்மானிப்பது கியர் விகிதம். இதை யாரும் விளம்பரத்தில் எழுத மாட்டார்கள். எஃப்-350, 3500 போன்ற பழைய ‘ஒரு டன்’ டிரக்குகளில் பின் ஆக்சிலின் கியர் விகிதம் 4.10 அல்லது 4.56, கியர்பாக்ஸ் மூன்று வேகம், ஓவர்டிரைவ் இல்லை. 31 அங்குல டயரோடு மணிக்கு 65 மைலில் போனால் 4.10இல் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 சுற்று, 4.56இல் 3,200. பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். பிள்ளைகள் தூங்க மாட்டார்கள், ஒரு மணி நேரத்தில் பெரியவர்களுக்கும் தலை வலிக்கும். அதே 4.10 ஆக்சில், ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸோடு இருந்தால் 2,050 சுற்றில் அமைதியாகப் போகும். சான் அன்டோனியோவிலிருந்து மேற்கு டெக்ஸாஸில் உள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்கா வரை போகிற ஆசை இருந்தால் ஓவர்டிரைவ் இல்லாத வண்டியை வாங்காதீர்கள், அல்லது கியர்பாக்ஸ் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு கதவு பிக்கப்புக்குப் புதிதாகச் செய்த தகடுகள் எல்லாமே கிடைக்கின்றன. க்ரூ கேப்பில் முன்கதவு, ஃபென்டர், பானெட், கிரில் வரை அந்தச் சாதாரண டிரக்கின் சாமான்தான், கவலை இல்லை. நடுத்தூணுக்குப் பின்னால் உள்ளது க்ரூ கேப்புக்கே உரியது: பின்கதவு, பின்கதவுக் கண்ணாடி, அதன் ரப்பர், பின்தரை, நீண்ட கூரை. இவற்றைத் தேடி அலைய வேண்டும். ஆகவே முன் ஃபென்டர் துருப்பிடித்த வண்டியை விலை பேசுங்கள். பின்கதவின் அடியும் நடுத்தூணின் அடியும் துருப்பிடித்த வண்டியை, எவ்வளவு மலிவானாலும், விட்டுவிடுங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ராக்கர் (கதவுகளுக்குக் கீழே ஓடும் தகடு), கேபின் மூலைகள், பின்கதவின் கீழ்ப்பகுதி, மழைநீர் ஓடும் கூரை விளிம்பு இங்கெல்லாம் ஒட்டாவிட்டால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள். கால்மிதியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். ஃபோர்டில் பின் பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் தாங்கிகள், ஸ்கொயர்பாடியில் கேபின் உட்காரும் இடங்கள், முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், இவை முக்கியம். மேற்கு டெக்ஸாஸ், நியூ மெக்ஸிகோ, அரிசோனா வண்டி என்றால் பெயின்ட் வெளுத்திருக்கும், டாஷ்போர்டு வெடித்திருக்கும், உடல் நன்றாக இருக்கும். நான் எப்போதும் அதைத்தான் எடுப்பேன். வளைகுடாக் கரையோர வண்டி என்றால் வெள்ளத்தில் நின்றதா என்று உரிமைப் பத்திரத்தில் பாருங்கள்.

க்ரூ கேப்புக்கு இப்போது விலை அதிகம் என்பதால் வெட்டி ஒட்டிய வண்டிகளும் சந்தையில் உண்டு. செவியின் சபர்பன் என்ற நீண்ட குடும்ப வண்டியிலிருந்து வெட்டிச் செய்தவை, ஒரு சேஸிஸில் வேறொரு கேபினை வைத்தவை. திறமையாகச் செய்தவையும் இருக்கின்றன, ஆனால் பார்த்தே தெரியாது. சேஸிஸில் பொறித்த எண், கேபினில் உள்ள எண், பத்திரத்தில் உள்ள எண் மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள். 1981 முதல் எண் 17 எழுத்து இருக்கும். செவியில் கையுறைப் பெட்டியின் உள்ளே ஒரு ஸ்டிக்கரில் தொழிற்சாலை வைத்த பாகங்களின் குறியீடுகள் இருக்கும். ஆக்சில், எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் அதிலிருந்தே தெரிந்துவிடும். ஃபோர்டில் அந்த விவரம் டிரைவர் கதவுத் தகட்டில் கிடைக்கும்.

சக்கரங்களையும் பாருங்கள். 1970களின் பல கனரக பிக்கப்களில் ரிம் 16.5 அங்குலம். அதற்கு இன்று நல்ல டயர் கிடைப்பது அரிது. அதில் 16 அங்குல டயரை ஏற்ற முயல்வது உயிருக்கே ஆபத்து, காற்றடிக்கும்போது வெடித்துவிடும். ரிம்மையே 16க்கு மாற்றுவதுதான் வழி. டயரின் பக்கத்தில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். பூ நன்றாக இருக்கிறது என்று பழைய டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

பெரியவர்கள் ஏறுவதைப் பற்றி. நான்கு சக்கர இயக்கம் உள்ள ஒரு டன் டிரக்கின் படி உங்கள் அம்மாவுக்கு இடுப்பளவு உயரம் இருக்கும். சேலை கட்டிக்கொண்டு அதில் ஏறுவது பெரும்பாடு. மலைப்பாதையிலும் சேற்றிலும் போகும் தேவை இல்லையென்றால் இரண்டு சக்கர இயக்க வண்டியை எடுங்கள். தாழ்வு, விலை குறைவு, திரும்புவதும் எளிது. எதுவானாலும் முழு நீளப் படிப்பலகையும், பின்கதவுத் தூணில் பிடித்து ஏற ஒரு கைப்பிடியும் போட்டுவிடுங்கள். உள்ளே குளிர்ச்சி வேண்டும் என்பதைச் சான் அன்டோனியோக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய ஏசியில் இருந்த ஆர்-12 வாயுவின் உற்பத்தி அமெரிக்காவில் 1995 முடிவோடு நின்றுவிட்டது. ஆர்-134ஏவுக்கு முறையாக மாற்றியிருக்கிறார்களா, பின்சீட்டுக்குக் காற்று வருகிறதா என்று நண்பகலில் ஓட்டிப் பாருங்கள்.

பழைய வண்டியில் பிள்ளைகளுக்கு வரும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள் இரண்டு. சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும், பின்கண்ணாடியைத் திறந்து வைத்தால் இன்னும் அதிகம். பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கேபினில் வைத்துவிடுங்கள். மற்றது பழைய பிரேக் ஷூவில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ். டிரம்மைக் கழற்றும்போது தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பெட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டும் பழைய வழக்கம் டெக்ஸாஸில் 18 வயதுக்குக் கீழே சில விலக்குகள் தவிரச் சட்டவிரோதம். சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் செய்யாதீர்கள்.

வாங்குவதற்கு முன் வீட்டு கராஜை அளந்துவிடுங்கள். 8 அடி பெட் கொண்ட க்ரூ கேப் 20 அடிக்கு மேல் நீளம் வரும், பல வீடுகளில் கதவு மூடாது.

கடைசியாகக் காப்பீடும் நம்பர் பிளேட்டும். பழைய வண்டிகளுக்கென்றே உள்ள காப்பீட்டில், ஒப்புக்கொண்ட மதிப்பை முழுதாகத் தருவார்கள், தவணையும் குறைவு. ஆனால் தினசரி வேலைக்கும் பள்ளிக்கும் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். கேம்பர் இழுப்பதும் அதில் அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெக்ஸாஸில் 25 வருடம் ஆன வண்டிக்கு ஆன்டீக், கிளாசிக் என்று இரண்டு வகைப் பிளேட் உண்டு. ஆன்டீக் பிளேட் கண்காட்சி, சங்கக் கூட்டம், ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டும். நீங்கள் குடும்பத்தோடு ஏரிக்கும் பூங்காவுக்கும் போகப் போகிறீர்கள், அதனால் கிளாசிக் பிளேட்டுக்கு விண்ணப்பியுங்கள்.